டிக்கெட்ல இருக்குற டைமை அப்படியே கழிச்சு பாக்காதீங்க

போன வாரம் எங்க சித்தி, லண்டன்ல இருக்குற மகன்கிட்ட போக எடுத்த டிக்கெட்டை என்கிட்ட நீட்டி, "காலைல 5:30க்கு மீனம்பாக்கத்துல ஏறினா 11:30க்கே போயிடுதே, ஆறு மணி நேரம்தானாடா?"ன்னு கேட்டாங்க, ஒரு வேளை மாத்திரையை மட்டும் கைப்பைல எடுத்து வச்சிருந்தாங்க பாவம். டிக்கெட்ல போட்டிருக்குறது அந்தந்த ஊர் டைம். லண்டன் நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி, மார்ச் கடைசி ஞாயிறுல இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மட்டும் நாலரை, சித்தி போறது அந்த நாலரை மாசங்கள்ல, அதாவது நாலரை மணி நேர வித்தியாசம் இருக்குற சமயத்துல, அதனால அவங்க சொன்ன ஆறோட நாலரையை கூட்டினா பத்தரை மணி நேரம், அதுதான் உண்மையா சீட்ல உக்காந்திருக்க போற நேரம். தூரம் நேர்கோட்டுல சுமார் 8,200 கிமீ.

திரும்பி வரும்போது அதே நாலரையை கழிக்கணும். மதியம் 1:30க்கு அங்க கிளம்பி மறுநாள் விடியக்காலை 4 மணிக்கு இறங்குதுன்னா பதினாலரை இல்ல, பத்துதான். ஜெட் ஸ்ட்ரீம்னு மேல மேற்குல இருந்து கிழக்கா அடிக்குற காத்து பின்னாடி இருந்து தள்ளும், அதான் வர்றப்போ பொதுவா கொஞ்சம் சீக்கிரம். கூப்பிட வர்றவங்ககிட்ட தேதியை சரியா சொல்லுங்க, எங்க மாமா ஒருதடவ ஒரு நாள் முன்னாடியே ஏர்போர்ட்ல போய் நின்னாரு.