அலமாரி மேல் கிடக்கும் டிரான்சிஸ்டரைப் பாட வைக்க

யாங்கோனில் கரண்ட் போய் வைபையும் அடங்கிய பிறகுதான் பலருக்குத் தாத்தா வாங்கிய டிரான்சிஸ்டர் ரேடியோ நினைவுக்கு வருகிறது. இலங்கை வானொலி கேட்ட அந்த 1960, 70களின் பெட்டிகளைச் சரிசெய்ய மல்டிமீட்டர், சால்டரிங் அயன், காண்டாக்ட் கிளீனர், கொஞ்சம் பொறுமை போதும். ஆனால் எடுத்த எடுப்பில் புது பேட்டரிக் கட்டை போட்டு சுவிட்சைத் திருப்ப வேண்டாம்.

முதலில் கட்டை போடும் இடத்தைப் பாருங்கள். அல்கலைன் கட்டை கசிந்தால் வெள்ளைப் பொடி படியும், அது காரம். பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடையுங்கள். பழைய கார்பன் கட்டையின் பழுப்புப் பிசுக்கு அமிலம். அதற்குச் சமையல் சோடாக் கரைசல். எதுவானாலும் கடைசியில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிங்கிலிருந்து போகும் ஒயரின் முனையைச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் ஈயம் ஒட்டாது, ஒயரையே மாற்றிவிடுங்கள்.

நாலு கட்டை, 6 வோல்ட் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். பாசிட்டிவ் ஒயரில் 100 ஓம் ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரையும் வரிசையாகச் சேர்த்து, வால்யூமைக் குறைத்து வைத்து ஆன் செய்யுங்கள். 60 மில்லி ஆம்பியரை ஒட்டிக் காட்டினால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். 10, 20க்குள் நின்றால் ரெசிஸ்டரை எடுத்துவிட்டுக் கேட்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் பாகங்கள் வைத்த அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றில் சேஸிஸோடு (பொது இணைப்பான உலோகச் சட்டத்தோடு) சேர்வது பாசிட்டிவ் முனை. இன்றைய வழக்கப்படி நெகட்டிவைச் சேஸிஸில் கொடுத்தால் உள்ளே இருக்கும் அந்த டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

மங்கலாகப் பாடினாலோ, கட்டை கொஞ்சம் இறங்கியதும் ‘பட் பட்’ என்று அடித்தாலோ எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். ‘பட் பட்’ சத்தத்துக்குப் பெரும்பாலும் பேட்டரிக்குக் குறுக்கே இருக்கும் 100 மைக்ரோபாரட் சாமான்தான் காரணம். அதே அளவுள்ள நல்ல கண்டென்சர் ஒன்றைப் பழையதன் கால்களில் பிளஸ், மைனஸ் பார்த்துத் தொட்டுப் பிடியுங்கள். சத்தம் தெளிந்தால் ஆள் அகப்பட்டான். ஒன்று காய்ந்திருந்தால் மற்றவையும் அந்த வயதுதான்; எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. வோல்ட் அளவு கூடலாம், குறையக் கூடாது.

கரண்ட் சரியாக இருந்து, ஸ்பீக்கரில் இரைச்சலும் வந்து, ஒரு ஸ்டேஷனும் அகப்படவில்லையா? பிலிப்ஸ் பெட்டியானால் ஏ.எப். 114 முதல் 117 வரை எண் போட்ட, நாலு கால் உள்ள உலோகக் குப்பி டிரான்சிஸ்டர்களைத் தேடுங்கள். குப்பிக்குள் பூசிய வெள்ளீயத்தில் மயிரிழை போல முளை கிளம்பி உள்ளே இருக்கும் கால்களைத் தொட்டுவிடும். பென்சிலால் மெல்லத் தட்டும்போது சத்தம் வந்து வந்து போனால் நோய் இதுதான். குப்பியோடு நேரடித் தொடர்பு காட்டும் கால் ஷீல்டு, அதாவது குப்பிக்கான கால். அதை மட்டும் கத்தரியுங்கள், பெரும்பாலும் பெட்டி பாடிவிடும். ஷீல்டைத் தவிர இரண்டு கால்கள் ஒருசேரக் குப்பியைத் தொட்டிருந்தால் இந்த வித்தை பலிக்காது, டிரான்சிஸ்டரை மாற்றத்தான் வேண்டும்.

ஷார்ட்வேவ் வருகிறது, மீடியம்வேவ் மட்டும் இல்லை என்றால் பெரைட் கம்பியில் (உள்ளே ஏரியலாக வேலை செய்யும் கறுப்புத் தண்டில்) சுற்றிய காயிலின் மெல்லிய முனை அறுந்திருக்கும்; திரும்ப ஒட்டிவிடலாம். காயிலை இடம் நகர்த்தாதீர்கள். உலோகப் பெட்டி போட்ட சின்னக் காயில்களின் திருகுகளையும் தொடாதீர்கள். பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய உள் அலைவரிசைக்கு வைத்தவை அவை, கருவி இல்லாமல் திருப்பினால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம். கைபட்டுக் கெட்ட பெட்டிகளில் பாதி இந்தத் திருகால் கெட்டவை என்றே சொல்லலாம்.

வால்யூம் கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, பிறகு இருபது முப்பது தடவை திருப்பல். பேண்ட் சுவிட்சுக்கும் அதேதான். தேங்காய் எண்ணெய் விடும் வழக்கத்தை இனியாவது விட்டுவிடுங்கள், அது தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். ஸ்பீக்கர் காகிதத்தைக் கரப்பான் அரித்திருந்தால் டிஷ்யூ காகிதத்தை நீர்த்த வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள்.

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை ஈரம்தான் எதிரி. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது பாடவிடுங்கள். கேட்காத நாளில் கட்டையைக் கழற்றிவிடுங்கள். மலிவான அடாப்டரும் சோலார் இன்வெர்ட்டரும் மீடியம்வேவில் இரைச்சல் போடும், அதனால் கட்டையே மேல். இரவில் தூரத்து ஸ்டேஷன் வேண்டுமென்றால் ஏரியல் கம்பியில் ஐந்து, ஆறு மீட்டர் ஒயர் மாட்டி, 49 மீட்டர் பேண்டில் 6 மெகாஹெர்ட்ஸ் பக்கம் முள்ளை மெதுவாக நகர்த்துங்கள். இடி கேட்டதும் அந்த ஒயரை முதலில் கழற்றுங்கள்.