ஆர்வமில்லை என்று சொல்லும் முன்: மலையகப் பாடசாலை அணிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்வி வலய மட்டப் போட்டிகள் முடிந்த கையோடு இலங்கையின் மலையகப் பாடசாலைகள் பலவற்றில் அணிகள் கரைந்துபோகின்றன. முதலாம் தவணையில் வலைப்பந்துப் பயிற்சிக்கு வந்து நின்ற பிள்ளைகளில் பாதிப்பேர் மூன்றாம் தவணையில் இருப்பதில்லை. இருப்பவர்களிலும் சிலர் பொறுப்பாசிரியரின் முகத்துக்காகவே வருகிறார்கள். ஆசிரியர் ஓய்வறையில் இதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை. இந்தத் தீர்ப்பை அவசரமாக எழுதிவிடுவதே முதல் தவறு; மற்றத் தவறுகள் எல்லாம் இதன் நிழலில் ஒளிந்துகொள்கின்றன. விளையாட வரும் பிள்ளை ஆர்வத்தோடுதான் வருகிறது. அந்த ஆர்வம் எந்த இடத்தில் ஒழுகிப்போகிறது என்று தேடிப் பார்க்க வேண்டியது அணியை நடத்தும் பெரியவரின் வேலை.

வயிற்றிலிருந்தே தொடங்கலாம். காலை 6 மணிக்குத் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்து புறப்பட்டு, சாயத்தண்ணியும் அரை ரொட்டியுமாக மலைப்பாதையில் இறங்கி வந்த பிள்ளை, 1.30 மணிக்குப் பாடசாலை விட்டதும் நேராக மைதானத்தில் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் அதன் கால் தளர்ந்தால் ‘சோம்பேறி’ என்ற பட்டம் கிடைக்கிறது. 2016 ஆம் ஆண்டில் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். அன்று அளக்கப்பட்ட தலைமுறைதான் இன்று கீழ்ப்பிரிவு அணிகளுக்கு வந்து நிற்கிறது. பூப்படைந்த பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்துகொண்டால் விரைவிலேயே மூச்சு வாங்கும். அதை எந்த ஊக்கப் பேச்சும் சரிசெய்துவிடாது. பயிற்சிக்கு முன் ஒரு பிடி அவித்த கடலையோ பயறோ கொடுக்க வழிசெய்யும் பாடசாலையில் ‘ஆர்வமில்லாத’ பிள்ளைகளின் தொகை தானாகக் குறைவதைக் காணலாம். பழைய மாணவர் சங்கத்திடம் கேட்கவேண்டிய முதல் உதவி இதுதான். ஜேர்சி பிறகு வரட்டும்.

அடுத்தது பயம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல மனமுள்ள ஆசிரியர்களும் இதில் வழுக்கி விழுகிறார்கள். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவர் 3 செக்கனுக்குள் அதை விடுவிக்க வேண்டும். பயந்துபோன அணியை அடையாளம் காண அந்த 3 செக்கன் போதும். பந்து கைக்கு வந்ததும் பிள்ளையின் கண் தன் அணியினரைத் தேடாமல், எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆசிரியரின் முகத்துக்குப் போகிறது. முகம் சுளித்திருந்தால் எறிய ஓங்கிய கை பின்வாங்குகிறது. நடுவர் விசிலை ஊதிவிடுகிறார். “பந்தைப் போடாமல் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?” என்று சத்தம் எழுகிறது. அவள் பார்த்துக்கொண்டு நின்றது அந்தச் சத்தம் வருகின்ற திசையைத்தான். பிழை விட்டவர் மைதானத்தை 5 தடவை சுற்றி ஓட வேண்டும் என்ற வழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. ஓட்டம் தண்டனையாகிவிட்ட பாடசாலையில் எந்தப் பிள்ளை விரும்பி ஓடும்? அதைவிடப் பெரிய கேடு, பிழையைத் தவிர்ப்பதற்காகப் பிள்ளைகள் துணிவான எறிதல்களைக் கைவிட்டு, அருகில் நிற்பவருக்கே பந்தைத் தட்டிவிடப் பழகிக்கொள்வதுதான்.

அமெரிக்க உளவியலாளர்களான ரொனால்ட் ஸ்மித்தும் பிராங்க் ஸ்மோலும் சிறுவர் பேஸ்போல் பயிற்றுநர்களுக்குக் குறுகிய பயிற்சி ஒன்றை வடிவமைத்தார்கள். நல்ல ஆட்டத்தை உடனே பாராட்டுவது, பிழை நேர்ந்தால் முதலில் தேற்றிவிட்டுப் பிறகு திருத்துவது, தண்டனையைக் கைவிடுவது என்பனவே அதன் சாரம். அந்தப் பயிற்சியைப் பெற்றவர்களின் அணிகளிலிருந்து அடுத்த பருவத்துக்குள் விலகிய சிறுவர்கள் 5 சதவீதம் என்றும், பெறாதவர்களின் அணிகளிலிருந்து விலகியவர்கள் 26 சதவீதம் என்றும் 1992 இல் வெளியான ஆய்வு காட்டியது. வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்காகத் திருத்தாமல் விடுவது கனிவாகிவிடாது; “பிடித்தது சரி, அடுத்த முறை பந்து வரும் முன்பே இடப்பக்கம் பார்த்துக்கொள்” என்ற ஒரு வரியில் தேற்றலும் திருத்தமும் இரண்டுமே அடங்கிவிடுகின்றன.

பரிசுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973 இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு சுதந்திரமாக விளையாடக் கிடைத்த நேரத்தில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. நம்மூரில் இது “வலயத்தில் வென்றால் எல்லோருக்கும் சப்பாத்து” என்ற வடிவில் வருகிறது. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்குச் சப்பாத்து ஒரு தேவை. தேவையைப் பரிசாக மாற்றி வெற்றியோடு முடிச்சுப் போடுவது நியாயமும் அல்ல, பயனும் தராது.

பாராட்டும் தவறிப்போகக் கூடியதே. “நீ பிறவித் திறமைசாலி” என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, தோற்ற நாளில் தன் திறமை தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. கிளோடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998 இல் வெளியிட்ட ஆய்வுகளில், புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டப்பட்ட மாணவர்கள் முதல் தோல்விக்குப் பின் துவண்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமான புதிர்களைத் தொடர்ந்து முயன்றார்கள். இதனோடு ஒட்டியதுதான் பிள்ளையின் இடத்தை 13 வயதிலேயே முடிவுசெய்துவிடும் பழக்கம். உயரமானவள் கோல் போடுபவள், குள்ளமானவள் ஓடுபவள் என்று முத்திரை குத்திவிட்டால், பின்னர் வளரும் உடம்புக்கு இடமில்லாமல் போகிறது. முத்தையா முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப்பந்து வீச்சாளராகவே தொடங்கினார். ஏறத்தாழ 14 வயதில் பயிற்றுநரின் ஆலோசனைப்படி சுழற்பந்துக்கு மாறினார். 2010 இல் அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றபோது கையிலிருந்த 800 விக்கெட்டுகளும் அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தவை.

இனி அணிக்குள் நடப்பவை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் கயிறு இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: வரிசையின் நடுவில் நிற்கும் சிலர் கயிற்றைப் பிடித்திருப்பார்கள், இழுக்கமாட்டார்கள். பிரெஞ்சு வேளாண் பொறியியலாளரான மாக்ஸ் ரிங்கெல்மன் 1913 இல் வெளியிட்ட அளவீடுகளில், 8 பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியே இழுக்கும் பலத்தில் ஏறத்தாழ பாதியையே தந்தார்கள். ஒத்திசைவு குறைவதும் முயற்சி தளர்வதும் சேர்ந்தே இதற்குக் காரணம் என்றும், ஒவ்வொருவரின் பங்கும் தனியாகத் தெரியவரும் என்றால் தளர்ச்சி பெரிதும் நீங்குகிறது என்றும் பிந்திய ஆய்வுகள் காட்டின. ஆகவே தோற்ற பிறகு “எல்லோரும் சரியில்லை” என்று மொத்தமாகத் திட்டுவதால் யாருக்கும் எதுவும் புரிவதில்லை. பந்தை இடைமறித்தது யார், எத்தனை தடவை, வெற்றிடத்தைக் கண்டு ஓடியது யார் என்று மேலதிக வீராங்கனை ஒருத்தியைக் கொப்பியில் குறிக்கச் சொன்னால், கோல் போடாதவர்களின் உழைப்பும் கண்ணுக்குத் தெரியவரும். குறிப்பவளும் ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வாள்.

கணக்கில் வராத இன்னொரு பிளவும் உண்டு. அணியின் எண்ணிக்கை ஏழாக இருந்தாலும் உள்ளே இரண்டு அணிகள் இருக்கும்: தோட்டத்தின் மேல் டிவிசன் (பிரிவு) பிள்ளைகள், கீழ் டிவிசன் பிள்ளைகள்; அல்லது தோட்டத்துப் பிள்ளைகள், டவுன் பிள்ளைகள். ஒரே பாதையில் நடந்து வருபவர்கள் ஒருவருக்கொருவர் பந்தைப் போடுவார்கள். அடுத்த பக்கத்தவள் தனியாக நின்று கையை உயர்த்தினாலும் அவர்கள் கண்ணில் படமாட்டாள். பயிற்சியில் “நீங்களே சோடி சேருங்கள்” என்று விட்டுவிடுவது இந்தக் கோட்டை இன்னும் அழுத்தி வரைகிறது. சோடிகளை ஆசிரியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மரியாதையும் சில வேளைகளில் ஆட்டத்தைக் கெடுக்கும். 9 ஆம் ஆண்டுப் பிள்ளை, 11 ஆம் ஆண்டு அக்காவிடம் பந்தைச் சத்தமாகக் கேட்கத் தயங்குகிறாள். கேட்டால் பிறகு பஸ்ஸில் என்ன பேச்சு வருமோ என்ற யோசனை. “அக்கா, இங்கே!” என்று கூப்பிடுவது மரியாதைக் குறைவல்ல என்பதை அக்காமாரின் வாயாலேயே சொல்லவைப்பதுதான் பலிக்கும். அணித்தலைவியை ஆசிரியர் தனியே நியமிக்காமல் பிள்ளைகளிடமும் கேட்டுப் பார்ப்பது நல்லது. மிகச் சிறந்த ஆட்டக்காரியே மிகச் சிறந்த தலைவி என்ற எண்ணம் பல அணிகளில் பொய்த்திருக்கிறது.

பயிற்சிக்கு வருவதை நிறுத்திய பிள்ளையின் வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். 15 வயதுப் பெண்பிள்ளை இருட்டிய பிறகு வீடு திரும்புவதைத் தாய் விரும்பாததை ஆர்வக்குறைவு என்று பதிவது தவறு. மாலை பஸ் நேரத்தை வைத்துப் பயிற்சியின் முடிவு நேரத்தைத் தீர்மானித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பெற்றோர் வந்து பார்ப்பதில்லை என்று குறைப்படுவதும் அப்படியே: கொழுந்து பறிக்கும் தாய் வார நாளில் வந்தால் அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழக்கிறாள். அவர்கள் பார்க்க வேண்டும் என்றால் நட்புப் போட்டியொன்றை ஞாயிறு காலையில் தோட்டத்து மைதானத்திலேயே வைக்கலாம்.

கடைசியாக, அணிப் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம். பட்டியலில் தன் பெயரைத் தேடிக் காணாத பிள்ளை அடுத்த நாள் வருவதில்லை. அவளை எவரும் விலக்கவில்லை என்பதால் எவரும் அதைக் கவனிப்பதுமில்லை. இம்முறை ஏன் இடமில்லை, எதைச் சரிசெய்தால் அடுத்த தவணையில் இடம் கிடைக்கும் என்பதைத் தனியே அழைத்துச் சொல்ல 5 நிமிடம் போதும். அதைப் பட்டியல் ஒட்டப்படுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.