பள்ளியில் சிறப்புக் கல்வி உதவி: பரிந்துரை, சான்று, பிள்ளையின் அந்தரங்கம்

குமரி மாவட்டத்தில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ ஒரு பிள்ளை வாசிக்கவோ, கேட்கவோ, நடக்கவோ, ஓரிடத்தில் இருந்து கவனிக்கவோ திணறினால் முதலில் வரும் கேள்வி, "சர்டிபிகேட் இருக்கா?" என்பதுதான், அதாவது மாற்றுத்திறனாளிச் சான்று. அது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. முன்பெஞ்சில் உட்காரவைக்க, கரும்பலகையில் எழுதியதை வாய்விட்டுச் சொல்ல, வீட்டுப்பாடத்தைப் பாதியாக்க, பெரிய எழுத்தில் கேள்வித்தாள் தர எந்தச் சான்றும் வேண்டாம். உதவித்தொகைக்கும் பொதுத்தேர்வுச் சலுகைக்கும்தான் அது வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வகுப்பறை உதவி தாமதமாகும், தேவையில்லாத காகிதம் தேவையில்லாத கைக்கும் போய்ச் சேரும்.

வகுப்பாசிரியரின் குறிப்பு

பரிந்துரை நிற்பதும் விழுவதும் இந்தக் குறிப்பில்தான். நான்கைந்து வாரம், தேதி போட்டு எழுதுங்கள். "மந்தம்", "ஆட்டிசம் மாதிரி" என்றெல்லாம் எழுத வேண்டாம். பெயர் வைப்பது மருத்துவர் வேலை, கண்டதை எழுதுவது உங்கள் வேலை. "கரும்பலகையில் இருந்த ஆறு வரியை எழுத 20 நிமிடம் ஆனது. மூன்றாம் வரி விடுபட்டது. அதே பத்தியை வாசித்துக் காட்டிக் கேட்டதும் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாள்." இந்த மூன்று வாக்கியம் ஒரு பக்கப் புகாரைவிடப் பயன்படும்.

ல, ள, ழ மாறுவதையும் ன, ண மாறுவதையும் வைத்துக் கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டாதீர்கள். பாதி வகுப்பு அப்படித்தான் எழுதும். கவனிக்க வேண்டியது வேறு: மூன்றாம் வகுப்பிலும் 'கொ' என்பதில் முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் ஒரே எழுத்தாகச் சேர்க்க முடியாமல் 'கெ', 'கா' என்று உடைத்து வாசிப்பது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, பயிற்சி கொடுத்த பிறகும் அது மாறாமல் இருப்பது. அப்படிப்பட்ட நோட்டுப் பக்கங்கள் இரண்டை நகலெடுத்து வையுங்கள்.

பிள்ளையின் வீட்டு மொழியையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். மலையாள வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளையும், செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளையும் தமிழ் வாசிப்பில் தடுமாறுவது குறைபாடு ஆகாது. உளவியல் சோதனையும் பிள்ளைக்குப் புரியும் மொழியில் நடந்தால்தான் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் உண்டு.

எதற்கும் முன்னால் கண்ணும் காதும். கண்ணாடி போட்டதும் 'கவனக்குறைவு' காணாமல் போன பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. பள்ளிக் கண் பரிசோதனையில் தேவைப்படுவோருக்குக் கண்ணாடி இலவசம். சளியும் காதில் சீழும் மாறி மாறி வரும் பிள்ளைக்குக் காது பார்க்காமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

பரிந்துரை போகும் வழி

பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள். பெற்றோர் கூட்டத்திலோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பேசும் விஷயம் இல்லை இது. பிறகு தலைமை ஆசிரியர் வழியாக வட்டார வள மையத்துக்குத் தகவல் போகும். அகஸ்தீஸ்வரம் முதல் முன்சிறை வரை மாவட்டத்தின் 9 ஒன்றியங்களுக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு. இயன்முறை சிகிச்சையும், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிப் பயிற்சியும் அந்த வழியாகவே வரும். 'நலம் நாடி' செயலியில் ஆசிரியர் பதிவது முதல்கட்ட வடிகட்டல் மட்டுமே. அதில் ஒரு குறைபாட்டின் பெயர் தெரிந்தால் பிள்ளைக்கு அது இருக்கிறது என்று பொருளில்லை.

பள்ளி அசையவில்லை என்றால் பெற்றோரே எழுதலாம்:

"தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு வாசிப்பதிலும் எழுதுவதிலும் தொடர்ந்து சிரமம் உள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-ன்படி அவனைச் சிறப்புப் பயிற்றுநர் மூலம் மதிப்பிட்டு, அறிக்கையின் நகலை எனக்குத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மதிப்பீட்டுக்கு மட்டும் சம்மதிக்கிறேன். புகைப்படத்துக்கோ, விவரங்களை வேறு எவருக்கும் பகிரவோ சம்மதிக்கவில்லை."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வழியாகச் சொன்னதற்குத் தடயம் இருக்காது.

முகாமும் சான்றும்

வட்டார அளவிலான மருத்துவ முகாமுக்கு ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், பழைய மருத்துவச் சீட்டுகள், ஆசிரியரின் குறிப்பு எல்லாம் வேண்டும். முகாம் நாளில் கெட்டுப்போவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால்தான்: விடியலில் எழுப்பிப் பட்டினியோடு பஸ்ஸில் கூட்டி வந்த பிள்ளை மதியம் வரை வரிசையில் இருந்துவிட்டு உளவியலாளர் முன் வாயே திறக்காது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். வலிப்பு மாத்திரையை அன்றைக்கு நிறுத்தவே கூடாது. கற்றல் குறைபாட்டுச் சோதனைக்குப் பல அமர்வுகள் வேண்டும், முகாமில் ஒரே நாளில் முடியாது. அதற்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தனியாகப் போக வேண்டியிருக்கும். எட்டு வயதுக்கு முன் அந்தச் சான்று கிடைக்காது. பல சான்றுகளுக்குச் செல்லுபடித் தேதி உண்டு, வாங்கியதும் அதைப் பாருங்கள்.

மேற்குப் பக்கத்துக் குடும்பங்கள் பலர் திருவனந்தபுரத்தில் காட்டி, தனியார் அறிக்கையோடு வருகிறார்கள். அந்த அறிக்கை நல்ல ஆதாரம், ஆனால் சான்று ஆகாது. அதிகாரம் பெற்ற அரசு மருத்துவ அமைப்புதான் சான்று தரும். அறிக்கையின் ஆங்கிலப் பிரதியைக் கேட்டு வாங்கி வந்தால் இங்கே வேலை சுலபம்.

யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது அதிகம் சிக்குவது பெயர். ஆதாரில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் ஞானஸ்நானப் பெயர், பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவான எமிஸில் இனிஷியல் முன்னும் பின்னுமாக. மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். இதைப் பத்தாம் வகுப்பில் சரிசெய்வது பெரும்பாடு. அட்டை வெள்ளை என்றால் குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ், மஞ்சள் என்றால் 40 முதல் 80-க்குள், நீலம் என்றால் 80-ம் அதற்கு மேலும்.

40 சதவீதம்தான் பெரும்பாலான உதவித்தொகைகளின் வாசல். ஒரு கண் முழுதும் போய் மறு கண் நன்றாக இருக்கும் பிள்ளைக்குக் கணக்கு 30 சதவீதத்திலேயே நிற்கும். அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் விதி அது. அதற்காக வகுப்பறை வசதியை மறுக்க முடியாது. நியாயமான வசதி செய்து தரும் கடமை 40-ல் தொடங்குவதில்லை. எழுத ஆள் கேட்பதற்கு 40 சதவீதம் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் விகாஷ் குமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது. சான்று மறுக்கப்பட்டாலோ சதவீதம் தவறு என்று பட்டாலோ முடிவு வந்த 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவை தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போய் வர வேண்டும். பள்ளி திறந்த முதல் பருவத்திலேயே கொடுத்துவிடுங்கள். பிப்ரவரியில் ஓடுவது வீண். எழுதுபவர் கிடைத்தால் மட்டும் போதாது. சொல்லி எழுதவைப்பது ஒரு பழக்கம், ஒன்பதாம் வகுப்புத் தேர்வுகளிலேயே பழக்க வேண்டும்.

"ஸ்பெஷல் ஸ்கூலுக்குக் கொண்டு போங்க" என்று பள்ளி சொன்னால் அது யோசனை மட்டுமே. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகமைப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ம் பிரிவில் இருக்கிறது. சேர்க்க மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும்

ஆசிரியரும் பெற்றோரும் ஒரே ஊர், ஒரே கோயில் அல்லது ஒரே தேவாலயப் பங்கு. ஸ்டாஃப் ரூமில் சொன்னது சாயங்காலம் சந்தைக்கு வந்துவிடும். மூத்த பெண்ணின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று பயந்து பரிந்துரையையே மறுக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாமல், விவரம் வெளியே போகாது என்று பள்ளி முதலில் காட்ட வேண்டும்.

அளவுகோல் எளிது: ஒருவர் தன் வேலையைச் செய்ய எது தேவையோ அது மட்டும். கணக்கு ஆசிரியருக்கு "முன்பெஞ்சு, பெரிய எழுத்து, பத்து நிமிடம் கூடுதல்" போதும், நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ) எண் தேவையில்லை. வேன் டிரைவருக்கும் சத்துணவுப் பணியாளருக்கும் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைப்பது தெரிய வேண்டும், பழைய மருத்துவ வரலாறு வேண்டாம். முழு அறிக்கை தலைமை ஆசிரியரிடமும் சிறப்புப் பயிற்றுநரிடமும் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

இன்று விவரம் கசிவது அலமாரியிலிருந்து இல்லை, வாட்ஸ்அப்பிலிருந்து. "யுடிஐடி போட்டோ அனுப்புங்க" என்று வகுப்புக் குழுவில் செய்தி வரும், ஒரு அம்மா குழுவிலேயே போட்டுவிடுவார், நாற்பது வீட்டுக்கும் போய்விடும். ஆசிரியர் தனி எண்ணில் கேட்க வேண்டும், பதிவு முடிந்ததும் போனிலிருந்து அழிக்க வேண்டும். நகல் கொடுக்கும்போது குறுக்கே "உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். முதல் எட்டு எண் மறைத்த ஆதார் ஏற்கப்படும் இடத்தில் அதையே கொடுங்கள். எமிஸ் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டிவைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

சக்கர நாற்காலியோ காதுக் கருவியோ வழங்கும்போது எடுக்கும் படத்துக்கு மறுப்புச் சொல்லலாம். படத்துக்கு நிற்காததால் கருவியை நிறுத்த முடியாது. சம்மதப் படிவத்தில் மதிப்பீடு, படம், பகிர்வு மூன்றும் ஒரே கையெழுத்தில் வந்தால் வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மனநல சிகிச்சைப் பதிவுகளுக்கு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-ம் பிரிவு தனிப் பாதுகாப்புத் தருகிறது. டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தாலும் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகிறது. பள்ளியில் இன்றைக்குக் கைகொடுப்பது உங்கள் கடிதமும் அதன் ஒப்புகைப் பிரதியும்தான்.

உங்கள் பிள்ளையின் பதிவைப் பள்ளி காட்ட மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கு மாறும்போது மாற்றுச் சான்றிதழில் குறைபாட்டை எழுத வேண்டியதில்லை. மதிப்பீட்டு அறிக்கை, செய்த வசதிகளின் பட்டியல், எது பலன் தந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை உறையில் போட்டு ஒட்டி வாங்கி, புதிய தலைமை ஆசிரியரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.