பழைய ஓட்டோ ஸ்போர்ட்ஸ் காரில் கையால் கியர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஓட்டோ கியர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்ததும், லீவரில் இருக்கும் '2', 'எல்' இரண்டும் கண்ணை இழுக்கும். கையால் மாற்றி ஓட்டினால் எஞ்சின் சத்தமே வேறு மாதிரி இருக்கும். நல்ல சுகம் அது. செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெனுவல் கார் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டு வந்தால் கியர்பொக்ஸ் அதிக நாள் தாங்காது.

என்னிடம் இருப்பது மாமா தந்த 1989 டொயோட்டா சுப்ரா. நேர் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஏ340இ என்ற நான்கு கியர் ஓட்டோ பெட்டி. இதே குடும்பத்துப் பெட்டி கிரவுனிலும் ஹைலக்ஸ் சர்ஃபிலும் இருந்தது. அதனால் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் இன்றைக்கும் உதிரிப்பாகம் தேடலாம். கீழே சொல்லும் எண்கள் என் காருக்குரியவை. உங்கள் காரில் கொஞ்சம் மாறும், கணக்கு அதேதான்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். இந்த லீவர் கியர் போடுவதில்லை, எல்லை போடுகிறது. '2' என்றால் "இரண்டாம் கியருக்குப் போ" என்று பொருள் இல்லை, "இரண்டுக்கு மேலே போகாதே" என்று பொருள். 'எல்' என்பது முதல் கியரோடு நிற்கும் எல்லை. டொயோட்டாவில் '2'-இல் வைத்துப் புறப்பட்டாலும் கார் முதல் கியரில்தான் கிளம்பும். அந்தக் காலத்து மெர்சிடிஸ் நான்கு கியர் பெட்டிகள் பலவற்றில் இது நேர்மாறு: வழக்கமாக ஓட்டும் இடமான 'டி'-இல் வைத்து மெதுவாக மிதித்தாலே இரண்டாம் கியரில் புறப்படும். முன்னும் பின்னும் தட்டி ஒவ்வொரு கியராக மாற்றுவது போர்ஷே 1990 மொடல் 911-இல் டிப்ட்ரோனிக்கைக் கொண்டுவந்த பிறகு பரவிய பழக்கம். பழைய லீவர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

பெரிய பிழை, வேகத்தில் போகும்போது லீவரை ஒரேயடியாகக் கீழே இழுப்பது. என் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 2.804, நான்காவது 0.705. வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றரில் நான்காம் கியரில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,400 சுற்றில் ஓடுகிறது. அதே வேகத்தில் முதல் கியர் விழுந்தால் 9,500-ஐத் தாண்ட வேண்டும். அந்த எஞ்சினுக்கு அது நடக்கவே கூடாத எண். பெரும்பாலான பெட்டிகளில் இதைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு. வேகம் குறையும்வரை முதல் கியரை விடாது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஒயிலில் ஊறிய வால்வையும் ஸ்பிரிங்கையும் நம்பி அதைச் சோதித்துப் பார்ப்பது சரியில்லை. மழையில் இன்னும் மோசம். சுப்ரா பின்சக்கர இழுவைக் கார். ஈர வீதியில் எஞ்சின் பிரேக், அதாவது எஞ்சினே காரைப் பிடித்து இழுக்கும் விசை, திடீரென்று பின்சக்கரங்களில் மட்டும் விழுந்தால் வால் சுழன்றுவிடும். ஹேண்ட்பிரேக்கை இழுத்ததுபோல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான முறை, படிப்படியாக இறங்குவது. 100-இல் முதலில் லீவரில் இருக்கும், நான்காம் கியரை நிறுத்தும் ஓவர்டிரைவ் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மூன்றாம் கியர் விழும், சுற்று 3,400 அளவுக்கு ஏறும். பிரேக் பிடித்து 60-க்கு வந்த பிறகு '2'. சுற்று 3,100 அளவில் நிற்கும். 'எல்' 30-க்குக் கீழேதான். ஒவ்வொரு முறையும் பெட்டி வேலையை முடிக்க ஒரு விநாடி எடுக்கும். அதற்குள் பொறுமை இழந்து அடுத்ததை இழுக்காதீர்கள். வளைவுக்கு முன்னாலேயே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். முந்திச் செல்லவும் அந்த ஓவர்டிரைவ் பட்டனே நல்லது. அக்சலேட்டரைத் தரைவரை மிதித்தால் பெட்டி இரண்டு கியர்கூட இறங்கிக் குதிக்கும், பட்டன் ஒன்றைத்தான் இறக்கும்.

மேலே ஏற்றும்போது வரும் பிழை வேறு. '2'-இல் நன்றாக இழுத்துவிட்டு, உற்சாகத்தில் லீவரை முன்னால் தள்ளுகிறோம். அது 'டி'-இல் நிற்காமல் 'என்'-க்கு, அதாவது நியூட்ரலுக்கு, போய்விடும். 'டி'-இலிருந்து 'என்'-க்குப் போக பட்டன் தேவையில்லாத லீவர்களில் இது சுலபமாக நடக்கும். கால் அக்சலேட்டரில், எஞ்சின் அலறுகிறது, பதறிப்போய் லீவரை 'டி'-க்கு இழுக்கிறோம். அந்த ஒரு அடியில் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் படும் பாடு கொஞ்சமல்ல. 'என்'-க்குப் போய்விட்டால் முதலில் காலை எடுங்கள், சுற்று இறங்கட்டும், அப்புறம் 'டி'. லீவரைப் பிடித்துத் தள்ளாமல் திறந்த உள்ளங்கையால் மெதுவாகத் தட்டினால் இது வராது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இனி இறக்கம். கண்டியிலிருந்து கொழும்புக்கு வரும்போது கடுகண்ணாவையில் பெற்றோல் மிச்சம் பிடிக்க 'என்'-இல் விட்டு இறங்குபவர்களை இன்றும் பார்க்கிறேன். ஒருமுறை அங்கே இறங்கியபோது நான் 'என்'-இல் விடவில்லை, 'டி'-இலேயே விட்டிருந்தேன். ஆனாலும் கீழே மாவனல்லையில் ஒரு டயர் கடை முன்னால் நிறுத்தியபோது பிரேக் மணத்தது, பெடல் பஞ்சுபோல் இறங்கியது. கடையில் இருந்த பாஸ் குனிந்து சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்தார். "தம்பி, ரெண்டில போடாமல் ஏன் இறங்கி வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'டி'-இல் இருக்கும்போது பெட்டி இரண்டாம் கியருக்கு இறங்கினாலும், அந்தக் கியர் ஒருவழி கிளட்ச் ஒன்றின் மேல் நிற்கிறது. எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும்போது அது பிடிக்கும். சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போது விட்டுவிடும், சைக்கிளில் மிதிக்காமல் உருள்வதுபோல. லீவரை '2'-இல் வைத்தால் இன்னொரு பிரேக் பட்டி உள்ளே இறுகி இரண்டு பக்கமும் பிடிக்கும். அதாவது கியர் ஒன்றே, ஆனால் '2'-இல் வைத்தால்தான் எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்துகிறது. 'எல்'-இலும் அப்படித்தான். றம்பொடை இறக்கத்திலும் நான் இப்போது '2'-இல் வைத்து ஆறுதலாக இறங்குகிறேன். பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டால் போதும்.

'என்'-இல் உருள்வது கியர்பொக்ஸுக்கும் கேடு. பெட்டிக்கு ஒயில் அனுப்பும் பம்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது. சக்கரங்கள் வேகமாக ஓட எஞ்சின் சும்மா முனகினால் உள்ளே ஒயில் குறைவாகத்தான் போகும். கார் பழுதாகி இழுத்துப் போகும்போது எஞ்சினே ஓடுவதில்லை. அதனால் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கித்தான் இழுக்க வேண்டும். லொறியில் ஏற்றினால் இன்னும் நல்லது.

கொழும்புக்குள் நடக்கும் பிழைகள் சிறியவை, ஆனால் தினமும் நடப்பவை. வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றிலிருந்து காலி வீதிக்குப் பின்பக்கமாக வெளியே வருகிறோம். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. கார் இன்னும் பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே 'டி'-இல் போட்டுவிடுகிறோம். முழுதாக நிறுத்தி, பெட்டி பிடிக்கும் அந்தச் சிறு அதிர்வு தெரிந்த பிறகு மிதியுங்கள், பஸ் காத்திருக்கும். சிக்னலில் ஒவ்வொரு தரமும் 'என்'-க்கும் 'டி'-க்கும் மாற்றிக்கொண்டிருப்பதும் வேண்டாம். குறுகிய நேரம் என்றால் 'டி'-இல் பிரேக்கை மிதித்தபடி நில்லுங்கள். ஏற்றத்தில் அக்சலேட்டரை மிதித்துக் காரைத் தாங்கி நிற்பது, எஞ்சினையும் பெட்டியையும் ஒயில் வழியாக இணைக்கும் டோர்க் கன்வேட்டரில் ஒயிலைக் கொதிக்க வைக்கும். எங்கள் ஊர் வெயிலில் அது ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கிறது.

கையால் மாற்றும்போது அடி விழுகிறது என்று, த்ரொட்டிலிலிருந்து பெட்டிக்குப் போகும் த்ரொட்டில் கேபிளைத் தளர்த்திவிடச் சொல்பவர்கள் உண்டு. கேட்க வேண்டாம். இந்தப் பெட்டியில் அந்தக் கேபிள்தான் ஒயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. தளர்த்தினால் கியர் மாறுவது வெண்ணெய் மாதிரி இருக்கும். உண்மையில் தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்குகின்றன. பழைய ஓட்டோவில் கொஞ்சம் உறுதியாக விழும் கியரே நல்ல கியர்.

காலையில் முதல் சில நிமிடம் நான்காம் கியர் விழவில்லை என்றால் பயப்படாதீர்கள். எஞ்சின் சூடேறும்வரை கணினி ஓவர்டிரைவை விடாது. ஓவர்டிரைவ் விளக்கு தானாக மின்னி மின்னி அணைந்தால் அது வேறு கதை. பெட்டியின் கணினி கோளாறு ஒன்றைப் பதிந்திருக்கிறது.

கடைசியாக ஒயில். டொயோட்டாவில் கார் நன்றாக ஓடிச் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் 'பி'-இல் (பார்க்) விட்டு அளவுகோலை எடுக்க வேண்டும். ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். என் பெட்டிக்குரியது டெக்ஸ்ரன் வகை. புதிய கார்களின் மெல்லிய ஒயிலை இதற்குள் ஊற்றக் கூடாது. கீழே திறந்துவிட்டால் ஒரு பகுதிதான் வடியும், மிச்சம் கன்வேட்டருக்குள் நிற்கும். அதனால் கொஞ்ச நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள்.

அளவுகோலின் நுனியை வெள்ளை டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். தெளிந்த சிவப்பு பரவினால் சரி, கையால் மாற்றி ஓட்டலாம். கறுத்து, கருகிய வாடை வந்து, நடுவில் பொடியாக ஏதாவது நின்றால் தட்டுகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. கராஜில் காட்டும்வரை '2'-ஐயும் 'எல்'-ஐயும் தொடாமல் 'டி'-இல் விட்டு மெதுவாக ஓட்டுங்கள்.