ஹார்மோன் ஊசி போட்டும் பிஎஸ்ஏ ஏறினால் என்ன பார்ப்பது?

அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய். ஆண் ஹார்மோனைக் குறைக்க மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. புராஸ்டேட் செல்கள் சுரக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தை ரத்தத்தில் பார்த்துத்தான் நோயைக் கண்காணிப்பார்கள். ஒன்றரை வருடமாக அது 0.4-ஐத் தாண்டவில்லை. அப்புறம் 1.1 வந்தது, அடுத்து 2.9. "ஊசி மருந்து போலியா இருக்குமோ?" என்றுதான் அப்பா கேட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால், சில வாரம் கழித்து அதே லேபில் பிஎஸ்ஏவைத் திரும்ப எடுங்கள். கூடவே முக்கிய ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் ஊசி வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு 17. ரிப்போர்ட்டில் யூனிட்டையும் பாருங்கள். மில்லிலிட்டர் கணக்கில் அதுவே 0.17 என்று வரும்.

சரி, ஊசி வேலை செய்கிறது என்றால் புற்றுசெல் எதை வைத்துப் பிழைக்கிறது? ஊசி நிறுத்துவது விரைகளில் சுரப்பதை மட்டும்தான். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து மூலப்பொருள் வந்துகொண்டே இருக்கும். அதை வாங்கி செல் தனக்குள்ளேயே ஆண் ஹார்மோனைத் தயாரித்துக்கொள்ளும். ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகளையும் பெருக்கிக்கொள்ளும். அப்புறம் துளி கிடைத்தாலே போதும். சில செல்களில் ஏஆர்-வி7 என்ற குட்டை ஏற்பி உருவாகும். ஹார்மோன் வந்து உட்காரும் பகுதியே அதில் கிடையாது, ஆனாலும் சாவி இல்லாமலே ஓடும் வண்டி போல 'வளர்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இதைப் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் அப்பா ஊசியைச் சந்தேகப்படுவதை விட்டார்.

எனவே ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த மருந்து எந்த வழியை அடைக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். அபிராடிரோன் ஆண் ஹார்மோன் தயாரிப்பையே தடுக்கும், அட்ரீனலிலும் கட்டிக்குள்ளும். என்சாலுடமைடு ஏற்பியை அடைக்கும்.

அப்பாவுக்கு அபிராடிரோன். அதை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்; சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறிவிடும். காலை 5 மணிக்கு 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, காபி 6 மணிக்குப் பிறகு. டிபனுக்குப் பின் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. பிரஷரையும் பொட்டாசியத்தையும் டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் பாருங்கள்.

பிஎஸ்ஏ குறைவாக இருக்கும்போதே எலும்பு வலி, எடை இறக்கம் வந்தால் காத்திருக்காமல் சொல்லுங்கள். சில செல்கள் ஏற்பியையே விட்டுவிட்டு வளரும். அவை பிஎஸ்ஏவைச் சுரப்பதில்லை.