ஐம்பது வயதில் ஸ்போர்ட்ஸ் காடி வாங்கப் போகிறவருக்கு

விலை கேட்பதற்கு முன்னால், இஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதற்கு முன்னால், கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து வெளியே வாருங்கள். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. விற்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். இருக்கை தரையோடு தரையாகக் கிடக்கும் காடியில் இருபத்தைந்து வயதுப் பையன் சும்மா சறுக்கி ஏறிவிடுவான். நம்முடைய முட்டியும் இடுப்பும் என்ன சொல்கின்றன என்பது ஏழாவது எட்டாவது தடவையில்தான் தெரியும். முறை இதுதான்: காடிக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையைக் கூரை விளிம்பில் பிடித்துக்கொண்டு, முதலில் பின்பக்கத்தை இருக்கையில் இறக்குங்கள், அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இறங்கும்போது அதே வேலை, தலைகீழாக. ஒரு காலை மட்டும் உள்ளே விட்டு உடம்பை முறுக்கி நுழைகிற பழக்கம் ஒரே வாரத்தில் இடுப்பைப் பிடித்துவிடும். எனக்குப் பிடித்தது, மூன்று நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இரண்டு கதவுக் காடியின் கதவு நீளமானது என்பதும் அங்கேயே புரியும். பேரங்காடிக் கார் நிறுத்துமிடத்தில் தூண் ஓரமாகவோ கடைசிக் கட்டமாகவோ தேடி நிறுத்தப் பழகிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பக்கத்துக் காடிக்காரர் வரும்வரை உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

என்னிடம் இருப்பது 2013 டொயோட்டா 86, மெனுவல் கியர், பழைய காடியாக வாங்கியது. அப்போது எனக்கு 49. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி கேட்ட முதல் கேள்வி, "பின் சீட்டு யாருக்குங்க?" என்பது. உன் கைப்பைக்கு என்றேன், சிரிக்கவில்லை. உண்மையில் அந்தப் பின் இருக்கையில் பெரியவர்கள் உட்கார முடியாது, ஆனால் அதை மடக்கினால் நான்கு டயர் உள்ளே போகும். பந்தயத் தடத்துக்கு டயர் கொண்டு போகிறவர்களை நினைத்தே அப்படி வடிவமைத்தார்கள். தீபாவளிக்குக் கோழியும் காய்கறியும் வாங்க அதுவே போதும்.

எந்தக் காடி என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: 2 லிட்டருக்கு மேல் போகாதீர்கள். நம் மலேசியாவில் சாலை வரி இஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான். 86-இன் இஞ்சின் 1998 சிசி, தீபகற்பத்தில் தனியார் காடிக்கு 280 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் 1800-ஐத் தாண்டிய ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு, மொத்தம் 379 வெள்ளி. இதையே நிசான் 370இசட் போன்ற 3696 சிசி காடிக்குப் போட்டுப் பாருங்கள்: 2130 வெள்ளி அடிப்படை, 3000-ஐத் தாண்டிய ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு, ஆக 5262 வெள்ளி, வருடா வருடம். அந்தச் சக்தியை ஞாயிற்றுக்கிழமை பெடரல் சாலையில் எங்கே கொண்டு போய்க் கொட்டப் போகிறோம்? 200 குதிரைசக்தி உள்ள இலேசான காடியை அதன் முழு அளவுக்கு ஓட்டுவதில் கிடைக்கும் சுகம், 400 குதிரைசக்தியைப் பாதி மிதியில் அடக்கி ஓட்டுவதில் இல்லை. மஸ்தா எம்எக்ஸ்-5-உம் இதே ரகம்தான், 1989-இலிருந்து இன்றுவரை அதன் பெருமையே எடை குறைவுதான். ஆனால் கோலாலம்பூர் வெயிலில் கூரையைத் திறந்து ஓட்டுவது காலை எட்டு மணிவரைதான் சாத்தியம் என்பது என் கருத்து.

கடன் விஷயம். வங்கி 9 வருடம்வரை தரும், பழைய காடிக்குக் குறைவாகவே தரும். 50 வயதில் 9 வருடக் கடன் என்றால் 59-இல் முடியும், ஓய்வு வயது 60. கணக்கு சரியாக வருகிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள், இடையில் பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் வரும். 55-இல் இபிஎஃப் (ஊழியர் சேம நிதி) பணம் கைக்கு வந்ததும் காடிக்குப் போடலாம் என்று சொல்லும் நண்பர் ஒருவர் எல்லாருக்கும் இருப்பார். அவருடன் பசியாறலாம், ஆலோசனை கேட்க வேண்டாம்.

காப்புறுதியில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, வெள்ளம். முழுக் காப்புறுதி என்று பெயர் இருந்தாலும் வெள்ள சேதத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வெள்ளம் காடிகளை எப்படி மூழ்கடித்தது என்று எல்லாரும் பார்த்தோம். தாழ்ந்த காடி, முட்டியளவு தண்ணீரே போதும், இஞ்சின் தண்ணீரைக் குடித்துவிட்டால் அதோடு முடிந்தது. இரண்டு, எதை மாற்றினாலும் காப்புறுதிக்காரரிடம் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு இடித்துக்கொண்டு போய் நிற்கும்போது அந்த ரிம் (சக்கர வளையம்) பட்டியலில் இல்லையே என்று சொன்னால் வாதாட எதுவும் இருக்காது.

பழைய 86 வாங்குகிறவர்கள் காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். கிளப்பியதும் பான்னட்டுக்குள்ளிருந்து சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம், அது பெட்ரோல் பம்ப், அந்த இஞ்சினின் பிறவிக் குணம். பயப்பட வேண்டியது வேறு. 2012, 2013-இல் தயாரான காடிகளின் இஞ்சினுக்குள் இருக்கும் வால்வ் ஸ்பிரிங்கை மாற்றித் தருவதாக 2018-இல் உலக அளவில் அறிவித்தார்கள். அதற்கு இஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். அந்த வேலை நடந்ததா, யார் செய்தார்கள், ரசீது எங்கே என்று சேசிஸ் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். அப்புறம், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் என்ன நிறம், என்ன இஞ்சின் எண் என்று பாருங்கள். ஏற்கெனவே ஏகப்பட்டது மாற்றிய காடி மலிவாக வரும். நிறமோ இஞ்சினோ மாற்றி ஜேபிஜேயில் பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றப் பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் தலையில்தான் விடியும். யாரோ ஒரு பையன் ஆசை தீர விளையாடிய காடியை விட, ஒரு பெரியவர் வேலைக்கு ஓட்டிய காடிக்குக் கூட ஐயாயிரம் கொடுக்கலாம்.

சரி, வாங்கியாகிவிட்டது. இனி எதை மாற்றுவது? முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள். நான் மாற்றினேன். ஒரு பட்டறையில் உயரம் குறைக்கும் அப்சோர்பர் (அதிர்வு தாங்கி) செட் போட்டேன், "பார்க்க எப்படி இருக்கும் தெரியுமாண்ணே" என்றார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் அடுக்குமாடி ஏற்றத்தில் முன் பம்பர் உரசியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, சுரண்டியால் தேங்காய் ஓட்டைத் தேய்ப்பது போல. எங்கள் குடியிருப்புத் தாமான் முழுக்க வேகத்தடை, ஒவ்வொன்றையும் குறுக்காக ஏறி இறங்க வேண்டும். மழையில் ஒட்டுப்போட்ட சாலையில் பின்பக்கம் துள்ளியது, ஏனென்றால் அவ்வளவு இறுக்கமான ஸ்பிரிங் மேடு பள்ளத்தில் டயரைத் தரையில் ஊன்ற விடாது. நான்கு மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் பழையதையே மாட்டினேன். நம் சாலைக்குத் தொழிற்சாலை உயரம்தான் சரி. அப்சோர்பர் தேய்ந்திருந்தால் அதே அளவில் நல்லதாகப் புதிது போட்டுச் சக்கரக் கோணத்தைச் சரிபாருங்கள், போதும்.

பணம் போட வேண்டிய இடம் டயர். 86-க்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த 215/45 ஆர்17 டயர், பிரியஸ் காடிக்குப் போட்ட அதே ரகம். குறைந்த வேகத்திலேயே காடி வழுக்கி விளையாட வேண்டும் என்று வேண்டுமென்றே கொடுத்தது. பிற்பகல் மூன்று மணிக்கு வானம் உடைகிற ஊரில் அந்த விளையாட்டு நமக்கு வேண்டாம். ஈரத்தில் பிடிப்பு நல்லதாக உள்ள டயரை அதே அளவில் வாங்குங்கள். 18, 19 அங்குல ரிம் போட்டால் எடையும் கூடும், இடுப்பும் வலிக்கும். வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம் செய்தது. கடைக்காரர் "புதுசு பாஸ்" என்று சொன்னாலும் குனிந்து பாருங்கள், குனிய முடியவில்லை என்றால் கைப்பேசியில் படம் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 தரத்தில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது கணக்கு. தண்ணீர் சேர்ந்த பிறகு அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், மிதி பஞ்சு போல ஆகிவிடும். கெந்திங் மலை இறக்கத்தில் முன்னால் போகும் காடியின் பிரேக் வாசம் மூக்கில் ஏறுகிறதே, அதுதான் தொடக்கம். எண்ணெயை வருடம் ஒரு முறை மாற்றுங்கள், நல்ல பேட் போடுங்கள், இறக்கத்தில் மூன்றாம் கியரிலோ இரண்டாம் கியரிலோ விட்டு இஞ்சினைப் பிடிக்க விடுங்கள். மெனுவல் வாங்கியது எதற்கு?

சக்தி கடைசி. இந்த இஞ்சின் நிமிடத்துக்கு 3500-இலிருந்து 4500 சுற்றுவரை கொஞ்சம் யோசிக்கும், அப்புறம்தான் ஓடும். ஹெடர் (இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) மாற்றி, ஈசியூ என்னும் இஞ்சின் கணினியை டியூன் செய்தால் அந்தப் பள்ளம் பெருமளவு நிரம்பும், நான் செய்திருக்கிறேன், பணத்துக்கு மோசமில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள்: நாற்றம், சத்தம், சம்மன் மூன்றும் சேர்ந்து வரும். சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் பக்கத்து வீட்டு பாக்சிக், மலாய்க்காரப் பெரியவர், விடியற்காலை சுபுஹ் தொழுதுவிட்டு வரும் நேரமும் நான் காடியைக் கிளப்பும் நேரமும் ஒன்று. அவர் இன்னமும் கை காட்டுகிறார். அதைக் கெடுத்துக்கொண்டு ஒரு எக்சோஸ் தேவையா? கண்ணாடி டின்ட்டும் அப்படித்தான், முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும், பின்னால் உங்கள் இஷ்டம்.

இனி ஓட்டுவது. ஞாயிறு காலை ஆறே காலுக்குக் கிளம்புங்கள், நேரம்தான் இதில் பாதி. கோலாலம்பூரிலிருந்து வடக்கே கோலகுபு பாரு ஊருக்குப் போய், சிலாங்கூர் அணையைச் சுற்றிக்கொண்டு பிரேசர் மலைப் பாதையில் ஏறினால் வளைவுக்கு மேல் வளைவு, இரண்டாம் கியரும் மூன்றாம் கியரும் மட்டும்தான், வேகமானி 60-ஐத் தாண்டாது, ஆனால் கையும் காலும் ஓயாது. நான் சொல்லும் முழு அளவு இதுதான். முதல் பத்து நிமிடம் இஞ்சின் எண்ணெய் சூடேறும்வரை 3000 சுற்றுக்கு மேல் போகாதீர்கள். வளைவுக்குள் சைக்கிள்காரர்கள் இருப்பார்கள், குரங்கு இருக்கும், மழை பெய்த மறுநாள் ஈர இலை கிடக்கும், டுரியான் பழப் பருவம் என்றால் வளைவு என்றும் பாராமல் நிறுத்தி விலை பேசுவார்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம், அதற்கு மேல் இல்லை. திரும்பும் வழியில் கோலகுபு பாருவில் ரொட்டி சானாய், தே தாரிக். பத்தரைக்குள் வீட்டில் தோசைப் பொட்டலத்துடன் நின்றால் அடுத்த ஞாயிறும் போகலாம்.

எல்லையைத் தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் செப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது, 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, 1999-இலிருந்து 2017 வரை ஃபார்முலா 1 ஓடிய அதே தடம். பொது மக்கள் சொந்தக் காடியை ஓட்டும் நாட்கள் உண்டு. சாதாரணக் காப்புறுதி அங்கே செல்லாது, அதை மனதில் வைத்துத்தான் மிதிக்க வேண்டும். நான் முதல் தடவை போனபோது பையன்கள் "அங்கிள், மெதுவா போங்க" என்றார்கள். நான்காவது சுற்றில், பின் நேர்பாதை முடிந்து கடைசி வளைவுக்கு பிரேக்கை மிதித்தேன், மிதி பாதிவரை இறங்கியது. மறுபடி மிதித்தபோதுதான் பிடித்தது, ஆனால் அந்த ஒரு நொடியில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. இப்போது மூன்று சுற்று வேகம், ஒரு சுற்று ஆறவிடுவது என்றுதான் ஓட்டுகிறேன். வந்து நிறுத்தியதும் கைப்பிரேக் போடக் கூடாது, சூட்டில் பிரேக் ஒட்டிக்கொள்ளலாம், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், தலைக்கவசத்துக்குள் அந்த உச்சி வெயில் நம் வயதுக்கு விளையாட்டு இல்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கழற்றிய எதையும் எறிய வேண்டாம். நாளைக்கு வாங்க வருபவர் தொழிற்சாலைச் சாமானைத்தான் கேட்பார். என் ஹெடர், பழைய ரிம் நான்கு, எல்லாம் ஸ்டோர் அறையில் முறுக்கு உரலுக்கும் அம்மாவின் இரும்புப் பெட்டிக்கும் நடுவில் பழைய போர்வை போர்த்திக் கிடக்கின்றன. எப்போது எடுப்பீர்கள் என்று தீபாவளிக்குத் தீபாவளி வீட்டில் கேட்கிறார்கள். காடியை விற்கும்போது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.