வானம் பார்த்த இடங்களைக் காப்பாற்றப் போய் நாம் செய்யும் தவறுகள்

பழைய வானாய்வுக்கூடம் ஒன்றைப் பாதுகாக்கிறோம் என்றால், சுவருக்கு வெள்ளையடித்து, சுற்றி வேலி போட்டு, வாசலில் ஒரு பலகை வைப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. கோட்டைக்கோ அரண்மனைக்கோ அது ஓரளவு சரிப்படும். வானம் பார்த்த இடத்தில் காப்பாற்ற வேண்டியவை மூன்று: பார்த்த கருவி, அது பார்த்த வானம், பார்த்ததை எழுதிவைத்த ஏடு. இதில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் அரைகுறையாகிவிடும்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வுக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் இன்று இல்லை. கருவியைத் தாங்கி நின்ற 15 அடிக் கருங்கல் தூண் மட்டும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கட்டடம் போனாலும் அங்கே பார்த்து அளந்து 1844இல் வெளியிட்ட 11,015 விண்மீன்களின் பட்டியல் இருக்கிறது. 1899இல் வேலை கொடைக்கானலுக்கு மாறியது. 1904 முதல் அங்கே எடுத்த சூரியப் படங்களை இன்றைய ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள். ஏடு பிழைத்ததால் கிடைத்த பலன் அது.

சரி, இராமநாதபுரம் கரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இங்கே குவிமாடம் வைத்த கூடம் எதுவும் இல்லையே என்று பலர் கேட்பார்கள். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. குவிமாடமும் தொலைநோக்கியும் இருந்தால்தான் வானியல் மரபு என்று நினைத்துவிட்டால், தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி வரை இந்தக் கரை முழுக்க இரவு வானத்தைப் பார்த்துத் தொழில் செய்தவர்களின் அறிவு கணக்கிலேயே வராமல் போய்விடும்.

இந்தக் கரையின் வானம் சாதாரணமானதல்ல. இராமேசுவரம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது பாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய ஒன்பது பாகை உயரத்தில் நிற்கும். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முஷ்டியின் அகலம் சுமார் பத்துப் பாகை. பாக் நீரிணைப் பக்கம் திரும்பி, முஷ்டியின் அடியை நீர்க்கோட்டில் வைத்தால், மேல் விளிம்பை ஒட்டித் துருவ நட்சத்திரம் தெரியும். மே மாதத்தில் இரவு ஒன்பது மணிவாக்கில் அப்படியே மன்னார் வளைகுடாப் பக்கம் திரும்பினால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். நின்ற இடத்திலேயே, கடலுக்கு மேல் இரண்டையும் பார்க்கலாம்.

இந்தக் கணக்கை மரத்துண்டில் ஏற்றியதுதான் பழைய மாலுமிகளின் அளவுப்பலகை. அரபு மாலுமிகள் அதைக் கமால் என்றார்கள். சிறு செவ்வகப் பலகை, நடுவில் துளை, துளையில் முடிச்சுகள் போட்ட கயிறு. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் அடி விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்த வேண்டும். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதை வைத்து எந்தத் துறைமுகத்துக்கு நேராக இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார்கள். சோழமண்டலக் கரை மாலுமிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலும் இதைக் கையாண்டது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. ஒரு வீட்டுப் பரணில் இப்படிப்பட்ட பலகை கிடந்தால் இன்று அதை அடையாளம் காண எத்தனை பேர் இருக்கிறார்கள்? அடுப்புக்குப் போகும் விறகோடு விறகாகப் போய்விடும் என்பதுதான் என் பயம்.

கதையை ஊதிப் பெரிதாக்குவது

அலட்சியத்துக்கு நேர் எதிரான தவறு இது. சேதமும் குறைவில்லை.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் ஒன்பது கோள்களுக்கும் இராமர் நாட்டியவை என்பது தலபுராணம். ஆடி, தை அமாவாசைகளில் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து, தண்ணீரில் இறங்கி அந்தக் கற்களைச் சுற்றுகிறார்கள். வானத்தில் நகரும் கோள்களை ஒரு சமூகம் எப்படித் தன் வாழ்க்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது என்பதற்கு இதைவிடக் கண்முன்னான சான்று வேண்டியதில்லை. அதை அப்படியே சொன்னால் போதும். ‘உலகின் முதல் வானாய்வுக்கூடம்’ என்று பலகை வைக்கக் கூடாது. கற்களை வைத்துக் கோள்களின் நிலையை அளந்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால் அளவுக்கோடோ, திசைக் கணக்கோ, பழைய குறிப்போ கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் சொன்னால், நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்டதும் உண்மையான மரபும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் இன்னொரு செய்தி: கேதார்நாத்திலிருந்து இராமேசுவரம் வரை சிவாலயங்கள் ஒரே தீர்க்கரேகையில் நிற்கின்றனவாம். கைபேசி வரைபடத்தில் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். கேதார்நாத் சுமார் 79.07 பாகை கிழக்கு, இராமேசுவரம் 79.32. கால் பாகை வித்தியாசம். இங்குள்ள அட்சரேகையில் அது 27 கிலோமீட்டருக்கு மேல். அதே பட்டியலில் வரும் சிதம்பரம் 79.69. ஒரே கோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. இராமேசுவரம் கோயிலின் பெருமைக்கு இந்தக் கோடு தேவையும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து இப்படிச் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் கற்றுக்கொள்வது சரிபார்க்காமல் நம்புவதைத்தான். வானியல் மரபு கற்றுத்தந்தது அதற்கு நேர்மாறானது.

சிமெண்ட் பூசுவது

இந்தக் கரையில் பழுதுபார்ப்பு என்ற பெயரில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பழைய கடலோரக் கட்டடங்களில் பல முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியவை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்று நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். கல்லில் பவளத்தின் சிறு துளைகள் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கல் தண்ணீரை உறிஞ்சும். வெயிலில் திரும்ப வெளியே விடும். சுண்ணாம்புக் காரையும் அப்படித்தான். கடற்காற்றின் உப்பும் தரையிலிருந்து ஏறும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து காரையின் மேற்பரப்புக்கு வந்து வெள்ளையாகப் பூக்கும். காரை உதிரும், மறுபடி பூசுவார்கள். கல்லுக்குப் பதிலாகக் காரை அடிவாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது.

இதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கிவிடும். உப்பு, பூச்சுக்குப் பின்னால் கல்லுக்குள்ளேயே படிகமாக உறையும். உறையும்போது கல்லின் துளைகளை நெருக்கி உடைக்கும். வெளியே பார்த்தால் வழவழவென்று புதுச்சுவர். சில வருடம் கழித்துப் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும்போது, பின்னால் இருந்த கல் மாவாகியிருக்கும். கடல் மணலைக் கழுவாமல் கலவையில் சேர்த்தால் இன்னும் வேகமாக நடக்கும். விரிசலை இறுக்க இரும்புக் கம்பி வைப்பதும் அதே கதைதான். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்து உப்பும், கல் பிளக்கும்.

புதிதாக முருகைக்கல் எடுத்துவந்து ஒட்டுப்போடலாம் என்று யோசிக்கவே வேண்டாம். பவளம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விழுந்து கிடக்கும் பழைய கற்களை எண் போட்டு, படம் எடுத்து, அங்கேயே பயன்படுத்தலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து, ஒப்பந்தத்தில் ‘சுண்ணாம்புக் காரை மட்டும்’ என்று எழுதிவிட வேண்டும்.

வானாய்வுக் கட்டடம் என்றால் பூச்சு வேலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மன்னர் இரண்டாம் ஜெய்சிங் கட்டிய டெல்லி ஜந்தர் மந்தர் வானாய்வுக்கூடத்தில் கட்டடமேதான் கருவி; நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது என்பதே அளவு. அங்கே பல தடவை நடந்த மராமத்தில் பழைய அளவுக்கோடுகள் அழிந்துபோயின. போதாக்குறைக்குச் சுற்றிலும் எழுந்த உயரக் கட்டடங்கள் வெயிலை மறைக்கின்றன. அதே ஜெய்சிங் கட்டிய ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் கருவிகள் இன்றும் நேரம் காட்டுகின்றன. 2010இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. நம் ஊர்க் கோயில் மதிலிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ பழைய நிழற்கடிகாரக் கல் இருந்தால், வர்ணம் அடிப்பவர் கைவைக்கும் முன் அதன் கோடுகளைப் படமெடுத்துவிடுங்கள். கல்லை ‘நல்ல இடமாக’ நகர்த்தி வைப்பதும் கூடாது. திசையும் சாய்வும் மாறினால் அது வெறும் கல்.

புளி போட்டுத் தேய்ப்பது

கப்பல் ஓட்டிய குடும்பங்களின் வீடுகளில் பித்தளை செக்ஸ்டண்ட் (சூரியன், விண்மீன்களின் உயரத்தைக் கோணமாக அளக்கும் கருவி), திசைகாட்டிப் பெட்டி, கடல்வரைபடம் போன்றவை இருக்கலாம். பித்தளையைக் கண்டால் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்க நமக்குக் கை பரபரக்கும். வேண்டாம். செக்ஸ்டண்டின் வில் போன்ற அளவுப்பகுதியில் கீறியிருக்கும் கோடுகள் மயிரிழை ஆழம்தான். நாலு தடவை தேய்த்தால் மங்கும், பத்துத் தடவையில் போய்விடும். மெல்லிய பஞ்சுத்துணியால் தூசி தட்டுங்கள், உப்புக்காற்று படாமல் மூடி வையுங்கள், அவ்வளவு போதும். காற்றழுத்தம் அளக்கும் பழைய பாரமானியில் பாதரசம் இருக்கும்; அதைச் சாய்க்கவோ திறக்கவோ கூடாது. நூறு வருடம் தாண்டிய இப்படிப்பட்ட பொருள் சட்டப்படி தொல்பொருள். கையெழுத்துப் பிரதிக்கு 75 வருடமே போதும். தனியார் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ‘நல்ல விலை தருகிறேன்’ என்று வரும் ஆளிடம் கொடுப்பதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் போட்டு வானத்தை மறைப்பது

பாரம்பரிய இடம் என்று அறிவித்ததும் முதலில் வருவது ஹைமாஸ்ட் விளக்கு. கடற்கரையில் ஒரு ஹைமாஸ்ட் போதும், ஒன்பது பாகை உயரத்தில் நிற்கும் துருவ நட்சத்திரத்தை மூழ்கடித்துவிட. தனுஷ்கோடி மணலில் முட்டையிலிருந்து வெளிவரும் சிற்றாமைக் குஞ்சுகளுக்கும் அது எமன். வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நினைத்து அவை சாலைப் பக்கம் ஊர்ந்து போகும். பாதுகாப்புக்கு விளக்கு தேவைதான், மறுக்கவில்லை. மேலே மூடி வைத்து, கீழே மட்டும் விழும் மஞ்சள் விளக்கு போடலாம். கூட்டம் இல்லாத நேரத்தில் அணைக்கலாம். லடாக்கின் ஹான்லேயில் ஊர்மக்களோடு சேர்ந்தே 2022இல் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் இருள்வானக் காப்பகம் அமைத்தார்கள். நம்மிடம் மலைக்கு பதில் இரண்டு பக்கமும் கடல் இருக்கிறது.

கட்டடத்தை வைத்துக்கொண்டு கணக்கரை மறப்பது

சென்னை வானாய்வுக்கூடத்தின் கதையைச் சொல்பவர்கள் ஆங்கிலேய வானியலாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். அங்கே உதவியாளராக இருந்து 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் பெயர் பல நேரம் விட்டுப்போகிறது. பெயரே தெரியாமல் போனவர்கள் இன்னும் அதிகம். அந்தக் கூடத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட தம் காலசங்கலித நூலில், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணித்த ஒரு தமிழரைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுதுகோல் இல்லை, அட்டவணை இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்த வாக்கியங்களை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் கொண்ட முறை அது. வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கணிக்கத் தெரிந்த கைகள்தான் குறைந்துவிட்டன.

ஆகவே தாத்தாவின் பஞ்சாங்கக் குறிப்பு, ஓலைச்சுவடி, கப்பல் நாட்குறிப்பு எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். லேமினேட் செய்யவும் கூடாது. சூட்டில் ஒட்டிய பசையைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. பக்கம் பக்கமாகப் படமெடுங்கள், யார் எழுதியது, எந்த ஊர் என்று தனித்தாளில் எழுதி வையுங்கள்.

மூத்த மீனவர்களிடம் பதிவு செய்யப் போகிறவர்கள் செய்யும் தவறு, பகலில் ஓர் அறையில் உட்காரவைத்து ‘நட்சத்திரப் பெயர்களைச் சொல்லுங்க ஐயா’ என்று கேட்பது. பெயர் மட்டும் கிடைக்கும். எது எது என்று தெரியாது. நிலா இல்லாத இரவில் கரைக்கே போய், அவர் கைகாட்டும் திசையையும் மாதத்தையும் மணியையும் சேர்த்து எழுத வேண்டும். விடிவெள்ளியை எப்போது நம்புவார், வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் எந்த வெள்ளியை (விண்மீனை) பார்ப்பார், நீவாடு (கடல் நீரோட்டம்) மாறுவதை நிலாவோடு எப்படிச் சேர்ப்பார் என்று கேட்டால் பேச்சு தானாக நீளும். பதிவின் ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்க வேண்டும், அவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

2010 ஜனவரி 15 அன்று வளையச் சூரிய கிரகணத்தைப் பார்க்க இராமேசுவரத்திலும் தனுஷ்கோடியிலும் மக்கள் திரண்டார்கள். சுமார் பத்து நிமிடம் சூரியன் வளையமாக நின்றது. அன்று இந்தக் கரையில் எடுத்த படங்கள் பழைய கைபேசிகளிலும் சிடிகளிலும் தூங்குகின்றன. அவற்றை இப்போதே வாங்கிச் சேர்க்கலாம். இனி இந்தப் பக்கம் வரும் அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21 அன்று தென் தமிழ்நாட்டையும் வட இலங்கையையும் கடந்து போகிறது. அது 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வருகிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள். அதற்கு முன் வரும் ஒவ்வொரு தடைக்காலத்திலும், ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவே, ஊருக்கு ஒருவர் குறிப்பேட்டோடு கிளம்பலாம். பாம்பனிலிருந்தே தொடங்கலாம்.